பழுதென்று விட்ட புள்ளி

மாடிப்படி ஏறும்போது யூரியா வாசம் உங்கள் மூக்கைத் துளைத்திருக்கும். கீழே உரக்கடை, மேலே நாங்கள். செங்கலடிச் சந்தியில் இறங்கி, சுப்பர்நோவா ஆராய்கிற இடம் எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. உரக்கடைக்கு மேலே கொம்பியூட்டர் வைத்திருக்கிற பிள்ளைகள் என்றால், நிற்கிற ஓட்டோக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் கைகாட்டுவார்கள்.

அடுத்த மாதம் நான் மேற்படிப்புக்காகப் புறப்படுகிறேன். என் மேசை உங்கள் மூவரில் ஒருவருக்குப் போகும். படங்களைக் கழிப்பது, ஒளியை அளப்பது, நாளுக்கு நாள் ஒளி கூடிக் குறைவதை வளைவாக வரைவது, எல்லாவற்றையும் றிஸானாக்கா காட்டித் தருவார். கொஞ்ச நாளில் அவை கைக்கு வந்துவிடும். கைக்கு வரச் சுணங்குகிற ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் பொறுப்பாளர் கேட்டார். அவரை நாங்கள் சேர் என்றே அழைப்போம். நீங்களும் அப்படித்தான் அழைக்கப் போகிறீர்கள்.

"நீங்களே எழுதுங்க புள்ள. நான் எழுதினா பிரசங்கம் மாதிரி வந்திரும்" என்றார்.

என் வயதில் அனுபவம் எழுத உட்காருவது கொஞ்சம் வேடிக்கைதான். பரவாயில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். முதல் ஆளாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. இதைச் சொல்லலாமா, நமக்கு வயது காணுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முன்னால் ஒருவரும் இல்லை. அதனால் சொல்லிவிட வேண்டியதுதான்.

நீங்கள் படித்து வந்ததைத் திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். இந்தக் கதைக்கு வேண்டிய அளவு மட்டும். ஒரு வகைச் சுப்பர்நோவா இருக்கிறது. வெண்குள்ளன் என்கிற செத்துப்போன விண்மீன், பக்கத்து விண்மீனிடமிருந்து பொருளை இழுத்து இழுத்து, ஒரு கட்டத்தில் தாங்க மாட்டாமல் வெடிப்பது. இவை ஏறக்குறைய ஒரே வலுவில் வெடிக்கின்றன. ஒரே கடையில் வாங்கிய ஒரே வகை எல்.ஈ.டி. விளக்கை வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் எரியவிட்டால், மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்குத்தான். அதனால் இவற்றை நியம விளக்குகள் என்கிறோம். விளக்கு எவ்வளவு தூரத்தில் என்று தெரிந்தால், அது எரிந்த விண்மீன் திரள் எவ்வளவு தூரத்தில் என்று தெரியும். தூரம் தெரிந்தால்தான் அந்தத் திரள் உண்மையில் பெரியதா சிறியதா, எவ்வளவு விண்மீன்களைக் கொண்டது, பக்கத்தில் தெரியும் மற்றத் திரள்களோடு அதற்கு உறவு உண்டா இல்லையா என்று பேசவே தொடங்கலாம்.

எங்களுக்கு வந்த திரள் சரியாக அந்தக் கடைசிக் கேள்வியில் மாட்டியிருந்தது. வானத்தில் அது ஒரு பெரிய திரள்கூட்டத்தின் ஓரத்தில் தெரிந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா, அல்லது வெகு பின்னால் தன்பாட்டில் தனியே நின்றுகொண்டு கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பதுபோல நமக்குத் தோன்றுகிறதா? அதில் ஒரு சுப்பர்நோவா வெடித்தது. வெடித்ததால் தூரம் அளக்கலாம் என்றாயிற்று. பல நாட்டு அறைகள் சேர்ந்து செய்யும் பெரிய தொகுப்பு ஒன்றுக்காக, இந்தத் திரளை அளக்கும் வேலையை இரண்டு அறைகளுக்குத் தனித்தனியே கொடுத்தார்கள். ஒன்று, வெளிநாட்டில் பேர்போன ஓர் அறை. மற்றது உரக்கடைக்கு மேலே இருந்த நாங்கள். அதுவரை மற்றவர்கள் அளந்ததைச் சரிபார்க்கும் வேலைதான் எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. சொந்தமாக அளக்கத் தந்தது அதுதான் முதல் தடவை. நன்றாகச் செய்தால் தொடர்ந்து வரும். சொதப்பினால் பழையபடி சரிபார்க்கும் வேலைக்கே திரும்ப வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சேர் மட்டும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் பேசாததிலிருந்தே எவ்வளவு பெரிய விடயம் என்று விளங்கியது.

நீங்கள் இன்னும் பழகாத வழக்கம் ஒன்று இங்கே உண்டு. நாங்கள் அதை 'மூடி' என்போம். வேலை நடக்கும் காலமெல்லாம் கணினி எங்கள் விடையோடு ஒரு மறைவான எண்ணைக் கூட்டி வைத்திருக்கும். அது என்ன எண் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் அறையில் மூடிக்கான நிரலை எழுதிய பிரதீபனுக்கே தெரியாது. ஆகவே, நாங்கள் அளப்பது சரியான இடத்துக்கு வருகிறதா, எதிர்பார்த்ததைவிட விலகிப் போகிறதா என்று வேலையின் நடுவே பார்க்க முடியாது. பார்க்க முடிந்தால் மனிதர் பிடித்த விடை வருமட்டும் திருத்திக்கொண்டே இருப்பார்கள், வந்ததும் நிறுத்திவிடுவார்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு ஒரு நாள் வைத்து, எல்லாரும் கூடி, திருத்த ஒன்றும் இல்லை என்று ஆளுக்கு ஆள் சொன்ன பின்னர் மூடியைத் திறப்போம். திறந்த பின்பு கை வைக்கக் கூடாது. வந்ததுதான் விடை.

எங்கள் மூடி திறக்கும் நாள் மாரி மழையின் உச்சத்தில் வந்தது. தொகுப்பின் ஒருங்கிணைப்பாளர், வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண்மணி, காணொளியில் சேர்ந்திருந்தார். மற்ற அறை ஏற்கெனவே தன் மூடியைத் திறந்துவிட்டிருந்தது. திரள் தனியே, கூட்டத்துக்கு வெகு பின்னால் நிற்கிறது என்பது அவர்கள் விடை. அவர்கள் எண் எங்களுக்குத் தெரியும். எங்கள் எண் எங்களுக்குத் தெரியாது.

பிரதீபன் சூடாக ரோல்ஸ் வாங்கி வந்திருந்தான். சேர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஆருக்கும் ஏதும் திருத்த இருக்கா?"

"ரோல்ஸ் ஆறுது சேர். அத மட்டும் கெதியாத் திருத்தணும்" என்றான் பிரதீபன்.

"இல்ல சேர்" என்றார் றிஸானாக்கா. ஏறாவூரிலிருந்து வருகிறவர், எனக்கு மூத்தவர், கழித்தல் வேலை முழுவதையும் செய்தவர்.

அடுத்தது நான்.

அன்று காலை, கூட்டத்தில் காட்டுவதற்காகப் பழைய படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கழித்தல் என்றால் என்ன என்பதை இங்கே சொல்ல வேண்டும். சுப்பர்நோவா எரியும் படத்திலிருந்து, அது இல்லாத காலத்தில் எடுத்த 'வெறும் படத்தை'க் கழிப்போம். திரள் மறைந்து சுப்பர்நோவா மட்டும் மிஞ்சும். அந்த வெறும் படத்தை அதைவிடப் பழைய படம் ஒன்றிலிருந்து கழித்தால் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சவில்லைதான். ஆனால் சுப்பர்நோவா இருந்த இடத்தில் ஒரு சின்னக் கரும்புள்ளி இருந்தது.

கரும்புள்ளி எங்களுக்குப் புதியதல்ல. அந்தத் தொலைநோக்கியின் கருவியில் அங்கங்கே பழுதுகள் உண்டு. அவை படத்தில் கரும்புள்ளியாக விழும். கண்டால் 'பழுது' என்று குறித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போவது இந்த அறையின் கைப்பழக்கம். இந்தப் புள்ளியும் அப்படித்தான் பல தடவை குறிக்கப்பட்டுப் போயிருந்தது. நான் இன்னொரு பழைய படத்தை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். அதில் திரள் கருவியின் வேறொரு மூலையில் விழுந்திருந்தது. புள்ளி அங்கேயும் இருந்தது, திரளின் அதே இடத்தில்.

"சேர், ஒரு நிமிசம். அந்தக் கறுப்புப் புள்ளியப் பத்திச் சொல்லணும்."

றிஸானாக்கா சிரித்தார். "அது சாமான்ட பழுதுகா. எப்பயும் விடுறதுதானே."

"சாமான்ட பழுதெண்டா சாமானோட நிக்கணும் அக்கா. இது திரளோட சேந்து போகுது."

மூக்குக்கண்ணாடியில் தூசு ஒட்டியிருந்தால், தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் அதுவும் கூட வரும். சுவரில் ஓட்டை இருந்தால் அது சுவரிலேயே நிற்கும். இந்தப் புள்ளி சுவரில் இருந்தது. அப்படியானால் அதற்கு ஒரே பொருள்தான். வெறும் படம் வெறுமையாக இல்லை; பழைய படத்தில் இல்லாத ஒளி அதில் இருந்ததால்தான், கழித்த இடம் கறுத்திருக்கிறது. அதை எடுத்த நேரத்தில் சுப்பர்நோவா வெடித்து மினுங்கத் தொடங்கியிருந்திருக்கிறது. திரளின் பிரகாசமான நடுவுக்குப் பக்கத்தில் இருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த மினுக்கத்தையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு படத்திலிருந்தும் நாங்கள் கழித்திருக்கிறோம். விளக்கின் ஒளியில் கொஞ்சத்தை நாங்களே அணைத்திருக்கிறோம். மங்கலாகத் தெரிந்தால் தூரம் கூடும்.

றிஸானாக்கா கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"அப்ப நான் எடுத்த படம் பிழையெண்டு சொல்லுற?" என்றார் றிஸானாக்கா.

"பிழையெண்டு சொல்லல்ல அக்கா. வெறும் படம் இல்ல எண்டுதான்..."

"ரெண்டும் ஒண்டுதான் சுகி."

ஒருங்கிணைப்பாளர் மிகவும் தன்மையாக ஒரு வழி சொன்னார். இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். திறந்து பார்ப்போம். எண் வினோதமாக வந்தால் அப்போது இந்தப் புள்ளியைத் தோண்டுவோம். சரியாக வந்தால் இது பெரிய பாதிப்பு இல்லை என்று தெரிந்துவிடும். நியாயமாகத்தானே கேட்கிறது? அவர் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு கணம் நியாயமாகப் பட்டது.

சேர் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுறீங்க? திறப்பமா?"

"எண் நல்லா வந்தா என்ன செய்வம் சேர்?"

"நல்லா வந்தா நல்லம்தானே."

"நல்லா வந்தா நாம ஆரும் இந்தப் புள்ளிய மறுகா திரும்பியும் பாக்கமாட்டம் சேர். பிழையா வந்தாத்தான் தோண்டுவம். அப்ப மூடி எதுக்கு?"

புள்ளியைத் திருத்தினால் திரள் கொஞ்சம் கிட்ட வரும் என்பது எனக்குத் தெரியும். எங்கிருந்து கிட்ட வரும் என்பது தெரியாது. மற்ற அறையின் விடையோடு போய்ப் பொருந்துமா, அதை விட்டு விலகுமா என்று எனக்கு ஒரு துளியும் தெரியாது. அது தெரியாமல் இருந்ததால்தான் என்னால் அப்படிப் பேச முடிந்தது. தெரிந்திருந்தால் எனக்கும் ஆசை வந்திருக்கும். மூடியின் அருமை எனக்கு விளங்கியது அந்த இடத்தில்தான்.

பிரதீபன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒலிவாங்கியைப் போட்டு, "நாங்கள் இன்று திறக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவுதான். விளக்கத்தைப் பிறகுதான் சொன்னார்.

விளைவு உடனே வந்தது. எங்கள் அளவீடு அந்தத் தொகுப்பிலிருந்து கழற்றப்பட்டது. மற்ற அறையின் எண் மட்டும் போகும். ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. சுப்பர்நோவா எப்போதோ அணைந்துவிட்டது. ஆகவே இப்போது புதிதாக ஒரு படம் எடுத்தால் அது உண்மையான வெறும் படமாக இருக்கும். ஆனால் அந்தத் திரள் நாளுக்கு நாள் சூரியனை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு சில அந்திகள்தான். அதன் பின் பல மாதங்களுக்குத் தெரியாது. அதற்குள் படம் கிடைத்தால் எங்கள் அளவீட்டைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் இதை மறந்துவிட வேண்டியதுதான்.

கூட்டம் முடிந்தது. ரோல்ஸை ஒருவரும் தொடவில்லை. பிரதீபன் அதைக் கீழே உரக்கடைப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். றிஸானாக்கா என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருந்தார் என்றால் கோபித்துத் திரும்பி உட்கார்ந்தார் என்று நினைக்காதீர்கள். "அந்தக் கோப்பு எங்க?" "இஞ்ச இருக்கு." அந்த மாதிரி. அது அதைவிடக் கஷ்டம்.

நாங்கள் இங்கிருந்து அனுப்பும் கட்டளைப்படி படம் எடுக்கும் தொலைநோக்கி சிலி நாட்டு மலை ஒன்றில் இருக்கிறது. அங்கே அந்தி மங்கும்போது இங்கே விடிகிறது. முதல் அந்தியில் அங்கே பலத்த காற்று. தொலைநோக்கிக்கு மேலுள்ள கூடாரத்தைத் திறக்கவே இல்லை. அடுத்ததிலும் காற்று. அதற்கிடையில் இங்கே குளங்கள் நிரம்பி வான்பாய்ந்து, சித்தாண்டிக்கும் வந்தாறுமூலைக்கும் இடையில் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடத் தொடங்கியது. எங்கள் வீடு சித்தாண்டியில். வாசற்படி வரை தண்ணீர். பஸ் இல்லை, மின்சாரம் இல்லை, வீட்டுக்குள் சிக்னல் இல்லை.

கடைசி அந்தி. அதாவது, எங்கள் விடியல். பக்கத்து வீட்டில் பாதி கட்டி விட்டிருந்த மேல்தட்டுக்குப் போனால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். குடையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.

"என்ன புள்ள, வெள்ளத்துக்குள்ள எங்க வெளிக்கிட்ட?" என்றார் அம்மா.

"ஒரு நட்சத்திரத் திரளப் பாக்கணும்மா."

"விடிஞ்சிட்டே! இனி எங்கால நட்சத்திரம்?"

"வேற நாட்டில. அங்க இப்பதான் இருட்டுது."

அம்மா மழையைப் பார்த்தார். எங்கள் வயல் வட்டையில் இளம் பயிர் முழுதும் தண்ணீருக்குள் கிடந்தது. "அந்த நாட்டிலயாவது வானம் வெளிச்சிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசி நனையாமல் சுற்றிக்கொள்ளப் பொலித்தீன் பை ஒன்றை எடுத்துத் தந்தார்.

மேல்தட்டில் ஏறி நின்றதும் தொலைபேசி அடித்தது. றிஸானாக்கா.

ஏறாவூரில் அவர் வீட்டில் மின்சாரம் இருந்தது. கணினியும் இருந்தது. ஆனால் தொலைநோக்கிக்கான கட்டளையை மாற்றுவதென்றால் எங்களில் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. வெள்ளத்தில் சேரையும் பிரதீபனையும் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை; அவருக்கு என்னை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

"கேக்குதா சுகி? கூடாரம் திறந்திட்டாங்க. ஆனா காத்து விட்டு விட்டு அடிக்குது. கட்டளையில ஒரே நீட்டுப் படம் ஒண்டுதான் போட்டிருக்கு."

நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தால் மங்கலான ஒளியும் தெளிவாகப் பதியும். அளப்பதற்கு அதுதான் நல்லது. ஆனால் நடுவில் ஒரு காற்று வந்து தொலைநோக்கியை உலுக்கினால் முழுப் படமும் நாசம். திரள் அடிவானத்தில் விழுவதற்கிடையில் இன்னொன்று எடுக்க நேரம் இருக்காது.

"சின்னச் சின்னதா வெட்டி எடுப்பமா அக்கா? மறுகா நல்லதுகளக் கூட்டிக்கொள்ளலாம்."

"கூட்டினாலும் ஒரே படத்திட தெளிவு வராதே."

"காத்தடிச்சா ஒண்டுமே வராதே."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி. சின்னதா எடுப்பம். பழுதாப் போனத விட்டிரலாம்" என்றவர், "பழுதெண்டு விடுறதில நாம கெட்டிக்காரர்தானே" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் பார்த்துப் பார்த்துச் சொன்னார். முதலாவது இழுபட்டுப் போயிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். பிறகு ஒன்று நன்றாக வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு காற்று. திரள் சரிந்து சரிந்து மலையடிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக வந்தவற்றில் இரண்டு மூன்று தேறின.

"கூட்டிப் பாக்கிறன். நில்லு."

நான் குடையைப் பிடித்தபடி நின்றேன். கீழே எங்கள் ஒழுங்கையில் யாரோ ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து போனார்.

"சுகி."

"சொல்லுங்க அக்கா."

"அந்த இடத்தில ஒண்டுமே இல்ல கா! ஒண்டுமே இல்ல!"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா, யாரோ வெள்ளத்தில் போய்விட்டார்கள் என்று நினைத்து வெளியே ஓடி வந்துவிட்டார். ஒன்றும் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து இரண்டு பெண்கள் இப்படிச் சந்தோஷப்படுவார்கள் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

வெள்ளம் வடிந்து, வீதி திறந்து, நாங்கள் மறுபடியும் அறையில் கூடியபோது கழித்தல் முழுவதையும் றிஸானாக்கா முதலிலிருந்து செய்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. பழைய படங்களில் அந்தக் கரும்புள்ளி மறைந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்துக்கொள். இப்ப உன்ட புள்ளியும் இல்ல, என்ட பிழையும் இல்ல."

மூடி திறக்கும் நாள் மறுபடி வந்தது. காணொளியில் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். சேர் கேட்டார். பிரதீபன் இல்லை என்றான். றிஸானாக்கா இல்லை என்றார். நான் இல்லை என்றேன். திரையில் அந்த மறைவான எண் கழன்றது.

றிஸானாக்காதான் முதலில் வாசித்தார். "கிட்ட" என்றார் தமிழில், காணொளி இருப்பதையே மறந்து. "நல்லாக் கிட்ட. கூட்டத்துக்குள்ளதான் நிக்குது."

மற்ற அறை தனியே நிற்கிறது என்று சொன்ன திரள், எங்கள் அளவீட்டில் அந்தப் பெரிய கூட்டத்தின் ஓரத்தில், கூட்டத்தோடு நின்றது. இரண்டு எண்களுக்கும் இடையில் இருந்த இடைவெளி, இரண்டு அறைகளின் வழமையான அளவுத் தடுமாற்றத்தைச் சேர்த்தாலும் மூடாத இடைவெளி.

அறை மகிழவில்லை. பேர்போன அறை ஒன்றுக்கு எதிராக உரக்கடைக்கு மேலே இருந்து ஓர் எண். சேரின் முகத்தில் பயத்தைக் கண்டேன். அவர் பயந்தது தனக்காக இல்லை, எங்களுக்காக. ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அனுப்ப முன்னம், இன்னும் ஒருக்காப் பாப்பமா? வழியில ஒளிய மறைக்கிற தூசுக் கணக்கில எங்கயாவது..."

நான் வாயைத் திறக்கும் முன் றிஸானாக்கா சொன்னார்.

"திறந்தாச்சு சேர். இனிக் கை வைக்கேலா."

"நான் மாத்தச் சொல்லல்ல புள்ள. பாக்கத்தான்."

"அவங்கட எண்ணோட பொருந்தியிருந்தா நீங்க பாக்கச் சொல்லியிருப்பீங்களா சேர்?"

சேர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டு பேரும் சேந்திட்டீங்கள் எண்டா எனக்கு இந்த அறையில வேலை இல்ல" என்றார். பிரதீபன் அனுப்பும் விசையை அழுத்தினான்.

நாங்கள் சொன்னது சரியென்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் அப்படி இல்லை. பின்னிணைப்பில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்தத் திரளில் ஒளி கூடிக் குறைந்து துடிக்கும் விண்மீன்களை வைத்து, வேறொரு வழியில், பெரிய தொலைநோக்கி ஒன்றால் தூரத்தை அளக்கப் போகிறார்கள். அது எங்கள் பக்கம் வரலாம், அவர்கள் பக்கம் வரலாம். எந்தப் பக்கம் வந்தாலும் அந்தத் திரளைப் பற்றி நமக்கு நேற்றைவிட அதிகம் தெரிந்திருக்கும். அந்த விடை வரும்போது நான் வேறு ஊரில் இருப்பேன். எனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று றிஸானாக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று நடந்தது. எங்கள் எண் போன கையோடு ஒருங்கிணைப்பாளர் அந்தக் கரும்புள்ளிப் படத்தைக் கேட்டு வாங்கினார். அதை எல்லா அறைகளுக்கும் அனுப்பினார். மூடி திறக்கும் முன்னர் கேட்கும் கேள்வி எல்லா அறைகளிலும் மாறியது. முன்பு, திருத்த ஏதாவது உண்டா என்று கேட்போம். அதற்கு இல்லை என்று சொல்வது சுகம். இப்போது, எதையெல்லாம் பழுதென்று விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறோம். அதற்கு இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. எழுந்து படத்தைக் காட்ட வேண்டும்.

அதற்கு அடுத்து வந்த மடலைச் சேர் படித்து முடித்துவிட்டு, எழுந்து போய் யன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் மூன்று திரள்கள், மூன்றும் சொந்தமாக அளக்க, எங்கள் அறைக்கு. இருக்கிற ஆட்கள் போதாது, புதிதாக ஆள் எடுங்கள் என்றும் அதில் எழுதியிருந்தது.

அந்த ஆட்கள் நீங்கள்தான். நீங்கள் மூன்று பேரும் இந்தப் படியேறி வந்தது அந்த மூன்று திரள்களுக்காக. முதலாவதன் மூடி இன்னும் சில மாதங்களில் திறக்கப் போகிறது. நான் இருக்க மாட்டேன். பிரதீபன் ரோல்ஸ் வாங்கி வந்து பகிடி விடுவான், காணொளியில் பெரிய பெரிய ஆட்கள் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். றிஸானாக்கா உங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து, எதைப் பழுதெண்டு விட்டீங்க என்று கேட்பார். உங்களுக்குள் சின்னதாக ஏதாவது உறுத்தினால் எழுந்து சொல்லுங்கள். அவர் முகம் கறுக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கதிரையை இழுத்து உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் முதல் ஆளும் அவராகத்தான் இருப்பார்.